அது டேமேஜ் இல்லீங்க, பட்டனுங்க

உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் அம்புக்குறிக்கு ஒரே அர்த்தம்தான். டேப் ரெக்கார்டரில் இருக்கிறது, டிவி ரிமோட்டில் இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கிறது. "இந்தப் பக்கம் போ" என்று அர்த்தம். எழுத்து தெரியாதவருக்கும் புரியும், பாஷை தெரியாதவருக்கும் புரியும். இப்படி உலகமே கூடி ஒத்துக்கொண்ட விஷயத்தை ஒத்துக்கொள்ளாத ஊர் ஒன்று இருக்கிறது. அந்த ஊரில்தான் நான் பிறந்து தொலைத்தேன். அதனால்தான் பெங்களூரில் இருக்க வேண்டியவன் இன்றைக்குப் பெருமாநல்லூர் ரோட்டில் பனியன் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இதில் என் தப்பு எதுவுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்களாவது முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

திருப்பூரில் அம்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டி-ஷர்ட் தைத்து முடித்ததும் நேராகப் பெட்டிக்குப் போய்விடாது. செக்கிங் டேபிளுக்குப் போகும். அங்கே பெண்கள் ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார்கள். எங்கேயாவது பொத்தல், எண்ணெய்க் கறை, தையல் விட்டுப் போன இடம் கண்ணில் பட்டால், சுருளிலிருந்து ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கிழித்து அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒட்டிவிடுவார்கள். அம்பு ஒட்டின பீஸ் டேமேஜ் பீஸ். சரி பண்ண முடிந்தால் பண்ணுவார்கள், இல்லாவிட்டால் செகண்ட்ஸ் என்று தனியாகப் போய்விடும். சாகிறவரை அந்தச் சட்டைக்கு அந்தப் பெயர்தான்.

எங்கள் யூனிட்டில் செக்கிங் முழுக்கச் சரசு அத்தையின் ராஜ்யம். அப்பாவின் தங்கை. அத்தை ஒட்டின அம்பை அத்தைதான் உரிக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். ஏனென்றால் டேமேஜை மறைக்க வேண்டுமானால் ரொம்பச் சுலபம், அம்பை உரித்துவிட்டால் போதும். திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வந்த அந்தோணி என்கிற டெய்லர் ஒருமுறை தன் தையலில் ஒட்டியிருந்த அம்பை உரித்து வேட்டி மடிப்பில் ஒட்டிக்கொண்டுவிட்டார். வேட்டி நுனியில் அம்போடு டீக்கடைக்குப் போனவரை அப்பா பார்த்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அந்தோணிக்கு மெஷின் கிடையாது. "திருடுனாக்கூட மன்னிச்சறலாம்" என்று அப்பா அன்றைக்குச் சொன்னது யூனிட் முழுக்கக் கேட்டது.

சரி, இனி என் கதை.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நான் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படிப்பு முடித்தேன். பெங்களூரில் ஒரு கம்பெனி வேலை கொடுத்தது. தீபாவளி கழிந்து வந்து சேரச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்கு வேலையே புரியவில்லை.

"அங்க போயி என்ன கண்ணு பண்ணுவ?"

"புரோகிராம் எழுதறதுங்கப்பா."

"ஒரு நாளைக்கு எத்தன பீஸ் வரும்?"

"இதுல பீஸ் கணக்கெல்லாம் இல்லீங்கப்பா."

"பொறவு எப்பிடி நீ வேல செஞ்சேன்னு அவனுக்குத் தெரியும்?"

இந்தக் கேள்விக்குப் பெங்களூரில் இருக்கிறவர்களிடமும் பதில் இல்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். மூலனூரில் முருங்கைக்காய் போட்டுக்கொண்டிருந்த குடும்பம் திருப்பூருக்கு வந்து கஷ்டப்பட்டு யூனிட் போட்டிருக்கிறது, ஒரே பையன் எவனோ ஒருத்தனுக்கு வேலை செய்யக் கிளம்புகிறானே என்ற வருத்தம் அவருக்கு. வேண்டாம் என்று நேராகச் சொல்ல மாட்டார். எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தார்.

"செரி, நீ ஒரு புரோகிராம் போடு. சென்னியப்பண்ணன் பாக்கட்டும். அவரு ஓகேன்னுட்டா நீ கெளம்பு. பையரே ஓகே பண்ணுனப்பறம் நான் என்னத்தச் சொல்றது."

சென்னியப்பன் என்பவர் எக்ஸ்போர்ட்டர், எங்களுக்குப் பையர், அதாவது சரக்கை வாங்குகிறவர். வெட்டின துணியை அவர் கம்பெனி கொடுக்கும், நாங்கள் தைத்துக் கொடுப்போம். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அவர் ஆர்டரில்தான். அவர் 'ஓகே' என்றால் சரக்கு கப்பலேறும், 'பாக்கலாமுங்க' என்றால் மூட்டை அவிழ்க்கப்படும். எங்கள் வீட்டில் கல்யாண ஜவுளிகூட அவர் மனைவி பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் எடுத்திருக்கிறோம். ஆக, நான் பெங்களூர் போவதும் ஒரு சாம்பிள் அப்ரூவலாக மாறிவிட்டது. பெற்ற பிள்ளையைச் சாம்பிள் பீஸாக அனுப்புகிற அநியாயம் வேறெந்த ஊரிலாவது உண்டா?

ஆனால் எனக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. ஏனென்றால் சென்னியப்பன் அண்ணனுக்குச் செஸ் என்றால் உயிர். ஆபீஸ் மேஜையில் எப்போதும் பலகை விரித்து வைத்திருப்பார். போகிற வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து ஆடுவார். நானே சின்ன வயதில் அப்பாவோடு போனபோதெல்லாம் ஆடியிருக்கிறேன். அவர் ஆட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. காயை வைத்துவிட்டு, எதிராளி அதை வெட்டக் கை நீட்டியதும், "சித்த இருங்க கண்ணு" என்று சொல்லித் தன் காயை எடுத்து முன்னாடி இருந்த இடத்தில் வைத்துவிடுவார். ஒரு ஆட்டத்தில் இது எத்தனை முறை நடக்கும் என்று அளவே கிடையாது. அத்தனை வாபஸுக்கும் பிறகு அவர் ஜெயிப்பார். நாமும் "அருமையா ஆடறீங்கண்ணா" என்போம். ஆர்டர் கொடுக்கிறவரிடம் காயைக் கீழே வை என்று யார் சொல்வது?

அதனால் செஸ் புரோகிராம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். (அப்போது ஆப் என்கிற வார்த்தையெல்லாம் கிடையாது. எல்லாமே புரோகிராம்தான்.) யோசித்து ஆடுகிற மூளைப் பகுதியை எவரோ ஒரு வெளிநாட்டுப் புண்ணியவான் இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டு வைத்திருந்தார். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் என் கைவேலை. மற்றதெல்லாம் என்றால் பட்டன்கள். (பட்டன் என்றதும் சட்டைப் பட்டனா, ரெண்டு ஓட்டையா நாலு ஓட்டையா என்று ஒரு சிரிப்பு வரும். ஊரே சிரித்து முடித்துவிட்டது. நீங்கள் வேறு ஆரம்பிக்காதீர்கள்.)

அந்தப் பட்டன்களுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தோல்வியை ஒப்புக்கொள்கிற பட்டன் ஒன்று வேண்டும். அதில் 'தோல்வி' என்று எழுதினால் சென்னியப்பன் அண்ணன் முகம் சுண்டிப்போகும். எங்கள் பக்கத்தில் தோற்றவர் தோற்றேன் என்று சொல்ல மாட்டார், சாப்பாட்டுக்குச் சொல்கிற மாதிரி "போதுமுங்க" என்பார். அதையே எழுதினேன்: 'போதுமுங்க'. மூடிவிட்டு வெளியே போகிற பட்டனில் 'வெளியேறு' என்று எழுதினால் வீட்டுக்கு வந்த மனிதரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. 'போயிட்டு வர்றனுங்க' என்று எழுதினேன். எழுத்து நீளமாகிப் பட்டன் பலகை அகலத்துக்கு வந்துவிட்டது. பரவாயில்லை, மரியாதைதான் முக்கியம். இன்றைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்து ஆப் செய்கிறார்களே, அதில் ஒன்றாவது இப்படிக் கையைக் கூப்பிக்கொண்டு வழியனுப்புகிறதா?

ஆனால் என் மொத்த மூளையையும் கொட்டியது வாபஸ் பட்டனில்தான். கம்ப்யூட்டரின் பலத்தை நடுத்தரமாக வைத்தேன். ரொம்பக் குறைத்தால் அவரைக் கேவலப்படுத்திய மாதிரி ஆகும், கூட்டினால் தோற்றுவிடுவார். நடுத்தரத்தில் வைத்து, கூடவே வாபஸ் பட்டனும் கொடுத்துவிட்டால், அவர் வழக்கம்போல எடுத்து எடுத்து வைத்து ஜெயித்துவிடுவார். ஜெயித்த சந்தோஷத்தில் ஓகே சொல்வார். நான் பஸ் ஏறுவேன். என் பெங்களூரே அந்த ஒரு பட்டனில் இருந்தது.

பலகைக்கு வலது பக்கம் இரண்டு பட்டன். இடப்பக்கம் பார்த்த அம்பு, ஒரு நகர்த்தல் பின்னால் போக. வலப்பக்கம் பார்த்த அம்பு, திரும்ப முன்னால் வர. கம்ப்யூட்டரிலேயே அம்பு வரைந்து பார்த்தேன். ஒன்று முள்ளங்கி மாதிரி வந்தது, இன்னொன்று செத்த மீன் மாதிரி வந்தது. நான் படம் வரைவதில் அவ்வளவு கெட்டிக்காரன். என்ன செய்வது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். செக்கிங் டேபிளில் அத்தையின் ஸ்டிக்கர் சுருள் கிடந்தது. என்ன நேர்த்தியான அம்பு அது, என்ன கூர்மை, என்ன பளிச்சென்ற சிவப்பு. ஒன்றைக் கிழித்து ஸ்கேனரில் வைத்து எடுத்து, பெரிதாக்கி, பட்டன் மேல் ஒட்டிவிட்டேன். இன்னொன்றைத் திருப்பிப் போட்டேன். பார்க்கப் பார்க்க எனக்கே கண் பட்டுவிடும் போல இருந்தது.

இதைத்தான் இன்றுவரை எங்கள் வீட்டில் "படிச்ச பையன் பண்ணுன வேல" என்கிறார்கள். அம்பு அம்புதானே? எங்கிருந்து எடுத்தால் என்ன?

ஆயுதபூஜை அன்றைக்குச் சென்னியப்பன் அண்ணன் தனக்குத் தைத்துக் கொடுக்கிற யூனிட்டுகளுக்கெல்லாம் ஒரு நடை வந்து போவார். அன்றைக்கு மெஷின்களும் ஓடாது, சாவகாசமாக உட்காருவார். அதனால் அன்றைக்கே காட்டிவிடுவது என்று முடிவானது. அதற்கு முந்தைய நாள் அப்பா ஒரு வார்த்தை சொன்னார்: "செக்கிங் ஆகாம நம்ம யூனிட்ல இருந்து எதுவும் பையர் முன்னால போகக்கூடாது. சரசு, நீ ஒருக்கா பாத்துரு."

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மானிட்டர் முன்னால் வந்து நின்றார். (டேபிளில் நின்றுதான் பழக்கம், உட்கார மாட்டார்.) அம்புகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்ற டேபிளுக்கு வராம வேற யாரு கண்ணு செக் பண்ணுனது?"

"யாரும் பண்ணுலீங்கத்தை. அது பட்டன்."

"அம்பு ஒட்டீருக்குதே சாமி."

"அது ஒட்டுனது இல்லீங்கத்தை. படம். அத அமுக்குனா பின்னால போகும்."

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, படித்த பிள்ளை சொல்கிறது, இருக்கும் என்று விட்டுவிட்டார். ஆனால் செக்கிங்கை விடவில்லை. மூக்கு மானிட்டரில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, 'போதுமுங்க' பட்டனில் எழுத்து ஓரத்தில் இடிக்கிறது என்றார். பார்த்தால் மயிரிழை இடித்தது உண்மைதான். உடனே மடியிலிருந்து சுருளை எடுத்து ஒரு நிஜ அம்பைக் கிழித்து மானிட்டர் கண்ணாடி மேலேயே ஒட்டிவிட்டார். நான் அந்த எழுத்தை அப்போதே சரி செய்துவிட்டேன். ஆனால் திரும்பச் செக் பண்ணி அம்பை உரிக்க வேண்டிய அத்தை, பூஜைக்குப் பொரி வாங்கப் போய்விட்டார். நானே உரித்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் அப்பாவின் பிள்ளை உரிப்பானா?

ஆயுதபூஜை வந்தது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், கதம்பம். மானிட்டரிலும் பொட்டு வைக்க வந்த அத்தையின் கையைப் பிடித்துத் தடுத்துக் கீழே இருந்த சி.பி.யூ. பெட்டிக்கு வைக்கச் சொன்னேன். உரிக்க வேண்டிய அம்பு எங்கள் இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. பூஜை முடிந்து பொரி கடலை கொடுத்துக்கொண்டிருக்கும்போது சென்னியப்பன் அண்ணன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். டெய்லர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர் என்று எல்லோரும் கையில் பொரிப் பொட்டலத்தோடு சுற்றி நின்றார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

அண்ணன் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். அங்கே மொத்தம் மூன்று சிவப்பு அம்புகள். ஒன்று அவருடைய யானை நிற்கிற கட்டத்தைக் காட்டியது. ஒன்று 'போதுமுங்க'வைக் காட்டியது. மூன்றாவது வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு மானிட்டரையே காட்டியது. அண்ணனின் கண் மூன்றிலும் ஒரு முறை நின்றது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நல்லா இருக்குதுங்க" என்றார். எனக்கு மனசுக்குள் பஸ் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஆட்டம் ஆரம்பித்தது. அண்ணன் குதிரையைக் கொண்டுபோய்ச் சிப்பாய் வாயில் வைத்தார். கம்ப்யூட்டர் வெட்டிவிட்டது. அவருக்குக் கை தானாக நீண்டது, காயை எடுக்க. கண்ணாடியில் முட்டி நின்றது. "சித்த இருங்க" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். இதற்காகத்தானே காத்திருந்தேன்?

"அண்ணா, அந்த அம்புங்க," என்றேன்.

"பாத்தனுங்க தம்பி," என்றார் மெதுவாக. "வந்ததுமே பாத்துட்டேன். நல்ல நாளும் அதுவுமா கேட்டு உங்களச் சங்கடப்படுத்த வேண்டாம்னு இருந்தேன். யானைல என்னங்க டேமேஜ்?"

"டேமேஜ் இல்லீங்ணா. பட்டனுங்க. அத அமுக்கோணும்."

"அம்பயா?"

"ஆமாங்ணா."

அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். என்ன வெள்ளிங்கிரி, உன் யூனிட்டில் அம்பைத் தொடச் சொல்கிறான் உன் பையன் என்கிற பார்வை. அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

"அமுக்குனா என்னாகுமுங்க?" என்றார் அண்ணன்.

இங்கேதான் நான் மாட்டினேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், "நீங்கள் காயை வைத்துவிட்டு வைத்துவிட்டு எடுப்பீர்களே, அதற்காகச் செய்தது" என்று சொல்ல வேண்டும். அத்தனை டெய்லர்கள் முன்னால், ஆர்டர் கொடுக்கிற மனிதரிடம், எந்த வாயால் சொல்வது?

"பின்னால போகலாமுங்ணா," என்றேன்.

"எங்கீங்க பின்னால?"

"முன்னாடி இருந்த எடத்துக்குங்க."

"முன்னாடி போறதுக்கா, பின்னால போறதுக்கா?"

"பின்னால போனா முன்னாடி இருந்த எடமுங்ணா."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் எதுக்குங்க தம்பி பின்னால போறேன்? வெச்சது வெச்சதுதானுங்க" என்றார். வாழ்க்கையில் ஒரு காயைக்கூட வாபஸ் வாங்காமல் வைத்ததில்லை அந்த மனிதர். அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார், இனி எப்படி எடுப்பார்? அடுத்து ராணி போனது. அதற்கடுத்து, டேமேஜ் என்று அவர் சந்தேகப்பட்ட அதே யானையும் போனது. போன யானையைக் காட்டிக்கொண்டு என் அம்பு மட்டும் அங்கேயே ஜொலித்தது. சொல்லவும் முடியாமல், நானே எட்டி அமுக்கவும் முடியாமல் நான் நின்ற நிலை என் எதிரிக்கும் வரக்கூடாது.

அப்போதுதான் அப்பா அதைச் செய்தார்.

அவருக்கு ஒன்றுதான் புரிந்தது. திரையில் அம்புகள் இருக்கின்றன, அதனால் பையர் முகம் சரியில்லை, பையன் தொங்கிப்போய் நிற்கிறான். இரண்டு எட்டு முன்னால் வந்தார். அத்தை ஒட்டின நிஜ அம்பை நகத்தால் நெம்பினார். அது வந்துவிட்டது. அதை விரலில் உருட்டிக்கொண்டே அடுத்த அம்புக்குப் போனார். அது என் பட்டன். வருமா? டப்பா மானிட்டர் கண்ணாடியில் சடசடவென்று கரண்ட் பொரிய, அப்பா குனிந்து நின்று நகத்தால் சுரண்டுகிறார், சுரண்டுகிறார், அம்பு அசையவில்லை. சட்டை நுனியை எச்சில் தொட்டுக்கூடத் தேய்த்துப் பார்த்தார்.

"என்னங்க வெள்ளிங்கிரி பண்றீங்க?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்லீங்ணா. தெரியாம ஒட்டீட்டாங்க போல."

"ஒட்டுனத உரிச்சறலாமுங்களா?"

மெஷின் ஓடாத நாள் ஆகையால் யூனிட்டே கப்சிப் என்று இருந்தது. அந்த அமைதியில் பின்னாலிருந்து அந்தோணியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "ஏ, மொதலாளியே உரிக்காவல்லா."

அப்பா கையை எடுத்துவிட்டார். விரல் நுனியில் அந்த நிஜ அம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. உதறினார், போகவில்லை. அண்ணன் அதைப் பார்க்காத மாதிரி மவுஸை நகர்த்திப் 'போதுமுங்க'வை அமுக்கிவிட்டு எழுந்தார். அத்தை கொடுத்த பொரியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வண்டியில் ஏறும்போது, "சித்த ரீ-செக் பண்ணி வைங்க. இன்னொருக்கா வந்து பாக்கறேன்" என்றார். எங்கள் தொழிலில் இதற்கு ரிஜெக்ட் என்று பெயர்.

அதற்கடுத்த நாளே நான் அம்பைப் பச்சையாக்கி, கீழே 'சித்த இருங்க' என்று எழுதியும் வைத்துவிட்டேன். டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. ஆனால் யார் பார்ப்பது? அண்ணன் வெளிநாட்டில் கண்காட்சி என்று விமானம் ஏறிவிட்டார். தீபாவளி வந்தது, போனது. பெங்களூரில் சேர வேண்டிய நாளும் வந்தது. அம்மா, "நீ கெளம்பு சாமி, நான் பாத்துக்கறேன்" என்று பையைக்கூட எடுத்து வைத்தார். நான்தான் போகவில்லை. ரிஜெக்ட் ஆன சரக்கைத் திருட்டுத்தனமாகப் பஸ் ஏற்றுகிற மாதிரி எனக்கே இருந்தது. இதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு உண்டா சொல்லுங்கள், அந்த வீட்டுப் புத்தி எனக்குள்ளேயும் இருந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லி அந்தக் கம்பெனியைக் கேட்டேன். அங்கே 'சித்த இருங்க' எல்லாம் செல்லாது. வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

அண்ணன் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். பச்சை அம்பைப் பார்த்தார், கீழே எழுதியிருந்ததைப் படித்தார், லேசாகச் சிரித்தார். இந்த முறை சுற்றிலும் யாரும் இல்லை. அமுக்கினார். குதிரை திரும்ப வந்தது. அதற்கப்புறம் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து அமுக்கிக்கொண்டே இருந்தார். கம்ப்யூட்டர் தோற்றுப்போனது. "ஏ ஒன்னுங்க தம்பி. ஓகே" என்று முதுகில் தட்டினார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து இன்னொரு தட்டும் தட்டினார்.

அப்பாவுக்கும் அதில் நஷ்டம் உண்டு. பல மாதங்களுக்கு எங்கள் யூனிட் மூட்டைகளை மட்டும் அண்ணன் கம்பெனியில் பிரித்துத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார்கள். அம்பை உரிக்கிற யூனிட் என்று பெயர் வந்துவிட்டது. அப்பா எனக்கும் விளக்கவில்லை, அவர்களுக்கும் விளக்கவில்லை. நான் மெஷின் சத்தத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

சரசு அத்தைக்கு இது போதாதா? அன்றிலிருந்து நான் எது செய்தாலும் எனக்கொரு அம்பு. சட்டையில் காலர் மடங்கியிருந்தால் அம்பு. எண்ணிக்கை தப்பினால் நெற்றியில் அம்பு. என் கல்யாணத்தில் பட்டுச் சட்டையின் தோளில் ஒன்றை ஒட்டிவிட்டார். அது நேராக என் முகத்தைக் காட்டியது. தாலி கட்டுகிற போட்டோவில் இன்றைக்கும் அது இருக்கிறது. என் மனைவி அதை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறாள். யார் வீட்டுக்கு வந்தாலும், "அது என்னங்க தோள்ல செவப்பா?" என்று கேட்பார்கள். உடனே அத்தை கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்பா சுரண்டுகிற கட்டத்தில் எழுந்து நின்று நடித்தே காட்டுவார்.

போன ஆயுதபூஜைக்கும் அப்படித்தான். அத்தை நடித்து முடித்து எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு என் மனைவி அப்பாவிடம் கேட்டாள். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"மாமா, உங்குளுக்குத்தான் அவரு பெங்களூர் போறதே புடிக்காதே. பொறவு எதுக்கு மாமா உரிச்சீங்க?"

அப்பா பொரியை மென்றுகொண்டிருந்தார். முழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"பையன் போகோணும்னு நின்னானே கண்ணு. அண்ணன் ஓகே சொல்லலீன்னா எப்பிடிப் போவான்?"

"டேமேஜ்னு தெரிஞ்சுமா மாமா?"

"டேமேஜ்தான். நம்முளுதுதான?"

யாரும் சிரிக்கவில்லை. அத்தைகூட முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். திருடினால்கூட மன்னிக்கலாம், அம்பை உரித்தால் மட்டும் கூடாது என்ற மனிதர். அன்றைக்கு அவர் சுரண்டியது எதை என்று அதுவரை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அது டேமேஜ் இல்லீங்கப்பா," என்றேன். "பட்டனுங்க."

வீடே வெடித்துச் சிரித்தது. அப்பாவும்தான்.

கோபித்துக்கொண்டு வெளியே வந்து பேக்கரியில் டீ சொன்னேன். டீ வரும்வரை போனில் ஒரு செஸ் ஆப்பைத் திறந்தேன். கீழே அம்புகள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. உலகம் முழுக்க அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள், யாராவது டேமேஜ் என்கிறார்களா? அதைப் பக்கத்தில் நிற்பவரிடம் காட்டிக் கேட்கலாம் என்று திரும்பினேன். அவரே முந்திக்கொண்டார்.

"ஏனுங்க, முதுகுல என்னமோ செவப்பா ஒட்டீருக்குதுங்களே. எடுத்துடட்டுங்களா?"

"வேண்டாமுங்க," என்றேன். "அத எங்கத்தைதான் உரிக்கோணும்."